அம்மாவின் ஒப்பரேஷன் பற்றி மகளுக்கு

தலவாக்கலை
ஞாயிறு இரவு

அன்புள்ள மகளுக்கு,

நேற்று போனில் நீ அழுததிலிருந்து எனக்கும் தூக்கமில்லை. "அம்மா உடம்பில் ரத்தமே இல்லையே அப்பா, ஈரலை வெட்டினால் தாங்குவாளா?" என்று கேட்டாய். கொழும்பில் டொக்டரிடம் நானும் முதலில் கேட்டது அதைத்தான். அவர் தாளில் படம் போட்டுக் காட்டினார்.

ஈரலுக்குள் நிமிஷத்துக்கு ஏறக்குறைய ஒன்றரை லீட்டர் ரத்தம் ஓடுகிறதாம். முக்கால்வாசி குடல் பக்கமிருந்து வரும் போர்ட்டல் நாளத்தில், மீதி தமனியில். இரண்டும் ஈரலுக்கு அடியில் ஒரே கட்டாக நுழைகின்றன. அந்தக் கட்டைப் பட்டி போட்டு இறுக்கினால் வரத்து நிற்கும். கிளாஸ்கோவில் பிரிங்கிள் என்ற டொக்டர் 1908இலேயே எழுதிவைத்த வழி. ஈரல் வாடிவிடக் கூடாது என்று 15 நிமிஷம் இறுக்கி, 5 நிமிஷம் தளர்த்துவார்களாம்.

"அப்படியென்றால் ரத்தமே வராதா?" என்றேன். "வரும், பின்பக்கமிருந்து" என்றார். எனக்கு உடனே நாம் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரைக் குழாய் ஞாபகம் வந்தது. உனக்கு எட்டு வயசிருக்கும், டோர்ச் பிடித்துக்கொண்டு நின்றாயே. மேல் டேங்கில் வால்வை மூடிவிட்டுத்தான் பள்ளத்தில் குழாயை அறுத்தேன். எதிர்மேட்டு லயத்து வீடுகளுக்கு ஏறியிருந்த தண்ணீர் அத்தனையும் திரும்பி இறங்கி நம் இரண்டு பேரையும் நனைத்தது. ஈரலிலிருந்து இதயத்துக்குப் போகும் நாளங்களும் அப்படித்தான். அந்தப் பக்கம் நிறைந்திருந்தால், அறுத்த வாய் வழியாகத் திரும்பிக் கொட்டும்.

அதனால் வெட்டி முடியும்வரை மயக்கம் கொடுக்கும் டொக்டர் சேலைனைக் குறைத்து, அந்த நாளத்து அழுத்தத்தை 5க்குக் கீழே வைத்திருப்பார். மிகவும் குறைந்தால் திறந்த நாளத்தில் காற்று புகலாம், பிரஷரும் இறங்கலாம். அதனால் கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். கத்தி பிடிப்பவரைவிட அந்த மனிதரைத்தான் நான் கும்பிடுகிறேன். வெட்டு முடிந்ததும் தேவையானதை ஏற்றிவிடுவார்கள்.

வெட்டுவதும் ஒரே இழுப்பில் இல்லை. ஸ்கேன் வைத்து நாளங்கள் போகும் வழியைப் பார்த்துக்கொள்வார்கள். அதிர்வில் ஈரல் சதையை மட்டும் கரைக்கும் கருவி ஒன்று உண்டாம். நாளங்கள் அறுபடாமல் நூல் நூலாக வெளியே தெரியும், ஒவ்வொன்றையும் கட்டிவிட்டு அறுப்பார்கள்.

அம்மாவுக்கு இரும்புச்சத்து நரம்பில் ஏற்றினார்கள். 8.6ஆக இருந்த ஹீமோகுளோபின் இப்போது 11. சோறு தின்ற கையோடு பிளேன்டீ குடித்தால் இரும்பு உடம்பில் சேராதாம். இருபத்தெட்டு வருஷம் கொழுந்து பறித்தவளிடம் அதைச் சொல்ல, அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. ஆனால் தேத்தண்ணியைத் தள்ளித்தான் குடிக்கிறாள்.

வியாழக்கிழமை காலை தியேட்டருக்கு எடுப்பார்கள். லீவு கிடைக்கவில்லையென்று மனம் நோகாதே. நான் வாசலிலேயே இருப்பேன். வெளியே கொண்டுவந்ததும் முதல் போன் உனக்குத்தான்.

அன்புடன்,
அப்பா