செல்விக்கு: லைப்ரரில என்ன வேலைன்னு கேட்டல்லா

ஏட்டி செல்வி,

உன் வாய்ஸ் நோட்டு கேட்டேன், பின்னாடி குக்கர் விசிலும் உன் மாமியார் டிவி சீரியலும் சேர்ந்து பாதி விழுந்துது பாதி விழல, ஆனா அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுதுங்கறது மட்டும் தெளிவா விழுந்துது, அது போதும். பிசியோக்காரங்க வீட்டுக்கே வராங்கன்னா நிறுத்திறாத, அம்மா அழுதாலும் காலை மடக்க வை, இங்க பெங்களூர்ல எங்க பக்கத்து வீட்டு ஆன்ட்டி பாவம் பாத்து விட்டு இப்ப கட்டைய மாதிரி நீட்டிக்கிட்டுத்தான் உக்காருறாங்க. எங்க வீட்ல எல்லாரும் சௌக்கியம். பெரியவன் செகண்ட் பியூசி, நம்மூர் பிளஸ் டூ, அதனால வீட்ல ஊரடங்கு, நானே ஹெட்போன் போட்டுத்தான் பாட்டு கேக்கேன்.

சரி, நீ கடைசியா சிரிச்சுக்கிட்டே ஒண்ணு கேட்டல்லா, "எல்லாம்தான் நெட்ல கெடக்கே, உங்க சயின்ஸ் லைப்ரரில இப்ப என்னட்டி வேலை, ஏசில உக்காந்து தூங்குதியா"ன்னு. அதுக்குத்தான் இந்த நீள லெட்டர். வாட்ஸாப்ல அடிச்சா நீ பாதிலயே எமோஜி போட்டு ஓடிருவ, அதான் மெயில்.

நம்ம எம்.எஸ்.சி. படிக்கப்ப ஒரு கெமிக்கல் காம்பவுண்டைப் பத்தி தேடணும்னா என்ன பாடு, நெனச்சுப் பாரு. கெமிஸ்ட்ரி பேப்பருங்களோட சுருக்கத்த எல்லாம் தொகுத்துப் போடற கெமிக்கல் அப்ஸ்ட்ராக்ட்ஸ், அதோட ஃபார்முலா இன்டெக்ஸ எடுத்து கார்பன் எத்தனை ஹைட்ரஜன் எத்தனைன்னு வரிசையா விரல் வச்சு தேடி, அப்ஸ்ட்ராக்ட் நம்பர் எழுதிக்கிட்டு வேற வால்யூமுக்குப் போயி, அங்க அது எந்த ஜர்னல்னு பாத்து, கடைசில அந்த ஜர்னல் நம்ம லைப்ரரியிலயே இருக்காது. 1907ல ஆரம்பிச்ச அந்த புக்கு 2010லேர்ந்து பிரிண்ட்டே கிடையாது, இப்ப அதோட ஆன்லைன் தளம் சைஃபைண்டர்ல ஸ்ட்ரக்சர வரஞ்சா நிமிஷத்துல வந்துரும். பழைய வால்யூம் எல்லாம் எங்க கீழ்த்தளத்துல காம்பாக்டர்ல, அதான் சக்கரம் வச்சு நகத்தற அலமாரில, அடுக்கி கெடக்கு, பக்கத்துலயே ஆர்கானிக் காம்பவுண்டுகளத் தொகுத்த பெய்ல்ஸ்டைன் ஹேண்ட்புக், பெரும்பாலும் ஜெர்மன்ல. ஹாலஜன் இருக்கான்னு பாக்க செப்புக் கம்பியக் காய்ச்சி பச்சை ஜுவாலை பாப்போம்ல, அதே பெய்ல்ஸ்டைன் மனுசன்தான் இதையும் தொடங்குனாரு. லேப்ல டெஸ்ட் பண்ற பிள்ளைகளுக்கு அந்தப் பேரு தெரியும், கீழ அவரு புக்கு இருக்குன்னு சொன்னா நம்ப மாட்டேங்குதுங்க. காம்பாக்டர் சக்கரத்த சுத்தி திறக்கறது மட்டும் அதுகளுக்கு ஜாலியா இருக்கு.

புக்கு எடுக்கறது கொறஞ்சுருச்சு, அத மறைக்க ஒண்ணுமில்ல. இஷ்யூ, ரிட்டர்ன் எல்லாம் மிஷின்லயே பண்ணிக்கிடலாம். ஆனா ரீடிங் ஹால்ல காலையில சீட்டுக்கு சண்டை. நெட், கேட் பரீட்சை எழுதற பிள்ளைங்க சொந்த புக்கோட வந்து ராத்திரி வரைக்கும் உக்காந்திருக்கும், ஹாஸ்டல்ல ஒரு ரூம்ல மூணு பேர் இருந்தா எங்க படிக்க? அதுகளுக்குத் தேவை மேஜை, ஃபேன், பிளக் பாயிண்ட், நல்ல தண்ணி. இதெல்லாம் லைப்ரரி சர்வீஸான்னு சில புரொஃபசருங்க முகம் சுளிக்காங்க. எனக்கு அது சர்வீஸ்தான். அவங்களுக்கு வீட்ல தனி ரூம் இருக்கு, சுளிக்கலாம்.

என் நேரம் எங்க போகுதுன்னா ரிசர்ச் ஸ்காலருங்க கிட்ட. தீசிஸ் சப்மிட் பண்றதுக்கு முன்னாடி சிமிலாரிட்டி செக், அதான் வேற எதோடயும் எவ்வளவு ஒத்துப்போகுதுன்னு சாஃப்ட்வேர்ல பாக்கறது, பண்ணி சர்டிஃபிகேட் வாங்கணும், யு.ஜி.சி. 2018ல போட்ட ரூல், 10 சதவீதம் வரைக்கும் பிரச்சனையில்ல, 10க்கு மேல 40க்குள்ள வந்தா ஆறு மாசத்துக்குள்ள திருத்திக் குடுக்கணும், 40 தாண்டுனா ஒரு வருஷம் குடுக்கவே முடியாது, 60 தாண்டுனா ரெஜிஸ்ட்ரேஷனே கேன்சல். ஒரு பிள்ளை 43ன்னு வந்த ரிப்போர்ட்டோட கை நடுங்க வந்து நின்னுச்சு. பாத்தா ரெஃபரன்ஸ் லிஸ்ட்ட கணக்குலேர்ந்து கழிக்காமலே யாரோ ஓட்டியிருக்காங்க, ரூல்லயே அத விடலாம்னு இருக்கு, வரிசையா 14 வார்த்தை வரைக்கும் பொதுவா எல்லாரும் எழுதற மாதிரி ஒத்துப்போனா அதையும் விடலாம்னு இருக்கு. சரியா செட் பண்ணி ஓட்டுனதும் பாதிக்கு மேல கொறஞ்சுது, மிச்சம் இருந்தது மெத்தட்ஸ் பகுதி, அத உக்காந்து சொந்தமா எழுதுன்னு சொன்னேன், எழுதுச்சு.

அது எங்கிட்ட வராம காலேஜ் வாசல் ஜெராக்ஸ் கடைக்குப் போயிருந்தா என்ன ஆயிருக்கும் தெரியுமா. பர்சன்டேஜ் கொறச்சுத் தாரோம்னு பக்கத்துக்கு இவ்வளவுன்னு காசு வாங்குவான், ஒரு சாஃப்ட்வேர்ல போட்டு வார்த்தைய எல்லாம் மாத்தி விட்டுருவான். இப்படி மாத்துன பேப்பருங்க பெரிய ஜர்னல்லயே வந்து, 2021ல பிரான்ஸ்ல கீயோம் கபனாக்னு ஒருத்தரும் அவரு கூட்டாளிங்களும் கண்டுபிடிச்சு நாற அடிச்சாங்க. ஆர்டிஃபிஷியல் இன்டலிஜென்ஸ்ங்கறத கவுன்டர்ஃபீட் கான்ஷியஸ்னஸ்னு மாத்தியிருக்கு, அதாவது போலி உணர்வு, பிரெஸ்ட் கேன்சர் பூஸம் பெரில், மார்பு ஆபத்து, ஆயிருச்சு! நான் ஓரியன்டேஷன் கிளாஸ்ல இத ஸ்லைட்ல போட்டா மொத்த ஹாலும் சிரிக்கும், சிரிச்சு முடிச்சதும் ரெண்டு மூணு முகம் மட்டும் வாடிப் போயிருக்கும், அவங்கதான் சாயங்காலம் என் டேபிளுக்கு வருவாங்க.

இப்ப புதுசா இன்னொண்ணு. "மேடம் இந்தப் பேப்பர் எங்க தேடியும் கிடைக்கல"ன்னு லிஸ்ட் கொண்டு வராங்க. ஆத்தர் பேரு சரி, ஜர்னல் சரி, வருஷம் வால்யூம் எல்லாம் இருக்கு, அந்தப் பக்கத்தத் திறந்தா வேற எவனோ எழுதுன வேற சங்கதி. என்னன்னா ஏஐ கிட்ட ரெஃபரன்ஸ் கேட்டிருக்காங்க, அது இல்லாத பேப்பர தானா செஞ்சு குடுத்திருக்கு. திட்டறதில்ல நான். டி.ஓ.ஐ.ன்னு ஒவ்வொரு பேப்பருக்கும் உள்ள அடையாள நம்பரப் போட்டு எப்படி சரிபாக்கணும், ரெஃபரன்ஸ் சேக்கற சாஃப்ட்வேர் ஸொடேரோல எப்படி சேத்து வைக்கணும்னு உக்கார வச்சு காட்டுதேன். ஸொடேரோ ஃப்ரீதான், உன் காலேஜ் பிள்ளைகளுக்கும் போட்டுக் குடு, தீசிஸ் கடைசி வாரத்துல ரெஃபரன்ஸ் நம்பர கையால மாத்தி அழ வேண்டாம்.

விழா கதைக்கு வரேன், அதுதான் எனக்குப் பிடிச்சது. ஆகஸ்ட் 12 லைப்ரரியன் டே, அக்டோபர் கடைசில பேப்பர யாரும் காசில்லாம படிக்கற மாதிரி போடணும்ங்கற ஓப்பன் ஆக்சஸ் வீக், நவம்பர்ல நேஷனல் லைப்ரரி வீக், நடுவுல புக் எக்ஸிபிஷன், பாதிக்கு மேல ஒரே மாதிரிதான் இருக்கும், குத்துவிளக்கு, பொக்கே, சீஃப் கெஸ்ட், ஃபோட்டோ, சமோசா. பப்ளிஷர் ஆளு வந்து டிரெய்னிங்னு சொல்லி அவன் சரக்க விப்பான். அத விடு.

சயின்ஸ் டே அப்படியில்ல. பிப்ரவரி 28க்கு ஸ்கூல் பிள்ளைகள உள்ள விடுவோம், நான் கீழேர்ந்து நேச்சர் ஜர்னலோட 1928 வால்யூம், 121வது வால்யூம், தூசி தட்டி மேல கொண்டு வந்து கண்ணாடிப் பெட்டிக்குள்ள திறந்து வப்பேன். 501வது பக்கத்துல சி.வி. ராமனும் கே.எஸ். கிருஷ்ணனும் எழுதுன எ நியூ டைப் ஆஃப் செகண்டரி ரேடியேஷன். சின்னக் குறிப்புதான், ராமன் விளைவுங்கற அவ்வளவு பெரிய சமாச்சாரம் இத்தனூண்டு எடத்துல. கிருஷ்ணன் நம்ம ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் வத்திராயிருப்பு ஆளுன்னு யார் கேட்டாலும் கேக்காட்டியும் நான் சொல்லிருவேன், இங்க உள்ள கன்னடக்காரங்களுக்கு அலுத்தே போச்சு. போன தடவை ஒரு கவர்மென்ட் ஸ்கூல் பொண்ணு, எட்டாவதோ ஒம்பதாவதோ, கீழ தேதியப் படிச்சுட்டு "மேடம் இதுல பிப்ரவரி 16ன்னு போட்டிருக்கே, அப்புறம் ஏன் 28ஐ கொண்டாடறோம்"னு கேட்டுச்சு. சீஃப் கெஸ்ட் உட்பட யாரும் கவனிக்காதது! முதல்ல ஃபில்டர் வச்சுதான் பாத்தாங்க, புதுசா ஒளி வருதுன்னு தெரிஞ்சு லண்டனுக்கு எழுதிட்டாங்க, 28ஆந்தேதிதான் ஒளிய நிறம் நிறமா பிரிச்சுக் காட்டற ஸ்பெக்ட்ராஸ்கோப்ல பாத்து அது தனித்தனி கோடா இருக்கறத உறுதி பண்ணாங்க, நேச்சர்ல அச்சாகி வந்தது மார்ச் 31னு சொன்னேன். தேதிய எல்லாம் நோட்டுல எழுதிக்கிட்டு, வாத்தியார் கூப்பிடக் கூப்பிட இன்னும் ரெண்டு கேள்வி கேட்டுட்டுத்தான் போச்சு. அந்த ஒரு பிள்ளைக்காக வருஷா வருஷம் அந்த தூசிய நான் முழுங்கலாம்.

இனிமே நான் சொல்ல வந்ததுக்கு வரேன், நீ அடுப்புல ஏதும் வச்சிருந்தா அணைச்சுட்டு வந்து படி.

ஒன் நேஷன் ஒன் சப்ஸ்கிரிப்ஷன்னு ஒரு ஸ்கீம், ஆராய்ச்சி ஜர்னலுக்கெல்லாம் மத்திய அரசே மொத்தமா சந்தா கட்டுது. 2024 நவம்பர்ல கேபினட் ஒத்துக்கிட்டு 2025 ஜனவரி 1லேர்ந்து ஓடுது, மூணு வருஷத்துக்கு 6,000 கோடி ரூபாய், 30 பப்ளிஷர், கிட்டத்தட்ட 13,000 ஜர்னல், 6,300 இன்ஸ்டிட்யூஷனுக்கு மேல. எல்சவியர், ஸ்பிரிங்கர் நேச்சர், வைலி எல்லாம் உள்ள இருக்கு. இதுல விஷயம் என்னன்னா இது மத்திய, மாநில அரசு காலேஜுகளுக்கும் சேத்துத்தான், உன் அரசு கலைக் கல்லூரி மாதிரி எடத்துக்கும். 1911லேர்ந்து லைப்ரரி நடத்துற, 2002லயே இந்தியாவுல முதல் ஆளா தன் பேப்பருங்கள எல்லாரும் படிக்க ஈபிரிண்ட்ஸ்னு ஆன்லைன் ரிபாசிட்டரி போட்ட ஐ.ஐ.எஸ்.சி., இந்தியன் இன்ஸ்டிட்யூட் ஆஃப் சயின்ஸ், இங்க பக்கத்துல இருக்கே, அங்க ஒரு ஸ்காலர் இந்த ஸ்கீம்ல எந்த ஜர்னல பாக்கறானோ அதே ஜர்னல உன் பிள்ளையும் பாக்கலாம். நம்ம காலத்துல இத யாராவது சொல்லியிருந்தா சிரிச்சிருப்போம்.

ஆனா நீ என்ன சொன்ன? அப்படி ஒண்ணு இருக்கறதே தெரியாதுன்ன. காலேஜ்ல லைப்ரரியன் போஸ்ட் காலியா கெடக்கு, தமிழ் டிபார்ட்மென்ட் சார் கூடுதல் பொறுப்பா சாவி வச்சிருக்காருன்ன. அவரைக் குத்தம் சொல்ல முடியாது, அவரு வேலை அது இல்ல. அரசாங்கம் வாசல்ல கிணறு வெட்டிக் குடுத்துட்டு கயிறும் வாளியும் குடுக்கல, அவ்வளவுதான் விஷயம். 6,000 கோடில ஜர்னல் வாங்கியாச்சு, அத ஒரு பர்ஸ்ட் இயர் எம்.எஸ்.சி. பிள்ளைக்கு கைய புடிச்சு காட்டற ஆளுக்கு சம்பளம் எங்க? எங்க லைப்ரரில என்ன வேலைன்னு கேட்டல்லா, அந்த வேலைதான்.

இந்தியாவுல லைப்ரரி சயின்ஸுக்கே அப்பான்னு சொல்ற நம்ம ரங்கநாதனையே எடுத்துக்கோ. சீர்காழிக்காரரு, பிரசிடென்சி காலேஜ்ல கணக்கு வாத்தியாரா இருந்தவரு, 1924ல மெட்ராஸ் யூனிவர்சிட்டி லைப்ரரியன் ஆனதும் போரடிச்சு திரும்ப வாத்தியார் வேலையே குடுங்கன்னு போய் நின்னாரு. லண்டன் போயிட்டு வா, அப்பவும் பிடிக்கலன்னா பாப்போம்னு அனுப்பி வச்சாங்க, அங்க போயி லைப்ரரிகளப் பாத்ததும் ஆளே மாறிட்டாரு. 1931ல லைப்ரரிக்குன்னு அஞ்சு விதி எழுதுனாரு, அதுல நாலாவது, வாசகரோட நேரத்த மிச்சம் பண்ணு. அவரு கடைசி காலம் இந்த பெங்களூர்லதான், 1962ல லைப்ரரி சயின்ஸ் சொல்லிக் குடுக்கற டி.ஆர்.டி.சி. மையத்த ஆரம்பிச்சது இங்கதான். கெமிஸ்ட்ரிய விட்டுட்டு லைப்ரரி சயின்ஸுக்குப் போறேன்னு நான் சொன்னப்ப எங்கப்பா கூட பரவால்ல, நீதான் ரெண்டு நாள் பேசல, மறக்கலட்டி நான்.

ஒரு பயமும் இருக்கு, சொல்லிருதேன். அந்த 1928 வால்யூம் அன்னிக்கு யாரோ காசு குடுத்து வாங்குனது, இன்னிக்கும் நம்மளுது. இப்ப குடுக்கறது வாடகை. மூணு வருஷக் கணக்கு 2027ஓட முடியுது, அதுக்கப்புறம் எவ்வளவு ஏத்துவானோ, ஏத்துனா அரசாங்கம் குடுக்குமோ. அதனால ஓப்பன் ஆக்சஸ்ல போடுங்க, ரிபாசிட்டரில போடுங்கன்னு நான் அக்டோபர்ல தொண்டை கிழிய கத்தறது. பெரிய ஜர்னல்லயே ஓப்பன் ஆக்சஸா போடணும்னா எழுதறவன்தான் பீஸ் கட்டணும், நேச்சர்ல 2021ல ஆரம்பிச்சப்பவே 9,500 யூரோ, உன் ஒரு வருஷ சம்பளம் கிட்ட வரும்னு வையி. பேப்பர திருட்டுத்தனமா ஃப்ரீயா குடுக்கற சை-ஹப் சைட்ல பாத்துக்கலாம்னு இருந்த பசங்களும் 2025 ஆகஸ்ட்ல டெல்லி ஹைகோர்ட் அத பிளாக் பண்ணச் சொன்னதும் முழிக்குதுங்க.

சரி, இப்ப நீ பண்ண வேண்டியது. பிரின்சிபால் கிட்டப் போயி நம்ம காலேஜ் இந்த ஸ்கீம்ல பதிவாகியிருக்கான்னு கேளு, நோடல் ஆபீசர்னு யாரு பேரையாவது குடுத்திருப்பாங்க, அது அந்த தமிழ் சாராவே கூட இருக்கும், அவருக்கே மறந்திருக்கும். வீட்லேர்ந்து பாக்கணும்னா இன்ஃபெட்னு வெளியேர்ந்து நுழையற லாகின் தனியா வாங்கணும், ஆபீஸ் மெயில் ஐடி இல்லாம ஆகாது. லாகின் வந்ததும் சொல்லு, ஒரு சனிக்கிழமை உன் எம்.எஸ்.சி. பிள்ளைங்க எல்லாரையும் கம்ப்யூட்டர் லேப்ல உக்கார வை, நான் கூகுள் மீட்ல வந்து ரெண்டு மணி நேரம் தேடறது எப்படின்னு சொல்லித் தாரேன். தமிழ்லயே சொல்லுதேன், சர்டிஃபிகேட்டு கிடையாது, சமோசா உன் செலவு.

நீ கேட்ட அந்த பழைய ஸிங்க் காம்ப்ளெக்ஸ் பேப்பர் ஸ்கேன் பண்ணி இதோட சேத்திருக்கேன், மூணாவது பக்கம் ஓரத்துல கொஞ்சம் கருப்பா விழுந்திருக்கு, டேபிள் படிக்க முடியலன்னா சொல்லு திரும்ப எடுக்கேன். டிசம்பர்ல வந்தா அம்மாவையும் கூட்டிட்டு வா, எங்க அபார்ட்மென்ட்ல லிஃப்ட் இருக்கு. வரப்ப உடன்குடி கருப்பட்டி ரெண்டு கிலோ, இங்க கிடைக்கறதுல பாதி சீனிதான்.

உன்
வசந்தா