ஆடியில் கோகர்ணம் வேண்டாங்க

நம் மலைநடைக் குழுவின் பொறுப்பாளர்களுக்கும், சனி ஞாயிறு வந்தால் வேன் பிடித்து மலைக்குக் கிளம்பிவிடும் கொங்கு நாட்டுக் கூட்டாளிகளுக்கும்,

வணக்கமுங்க.

ஆடிப்பெருக்கை ஒட்டி வரும் சனி, ஞாயிறில் கர்நாடகத்தில் இருக்கும் கோகர்ணத்துக் கடலோரக் குன்றுகளுக்குப் போவதாகப் பட்டியல் போட்டிருக்கிறீர்கள். அதில் என் பெயரும் இருக்கிறது. பெயருக்கு எதிரே வழக்கம்போல 'கடைசி ஆள்' என்று எழுதியிருக்கிறது. எட்டு வருடமாக வரிசையின் கடைசியில் நடப்பதுதான் என் வேலை. யாருக்குச் செருப்பு அறுந்தாலும், யாருக்குக் கால் பிசகினாலும் முதலில் தெரிவது எனக்குத்தான். அங்கே நின்றுகொண்டு சொல்கிறேன், ஆடியில் கோகர்ணம் வேண்டாம். கார்த்திகை கழியட்டும், போவோம்.

நம்மூரில் ஆடி என்றால் காற்று. மேற்குத் தொடர்ச்சி மலை மழையை அந்தப் பக்கமே இறக்கிவிட்டு, பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்றையும் கொஞ்சம் சாரலையும் மட்டும் நமக்கு அனுப்பி வைக்கிறது. பல்லடம், உடுமலைப் பக்கம் காற்றாலைகள் நிற்பது அதை நம்பித்தான். அதனால் ஆடி மாதம் ஊர் சுற்ற நல்ல மாதம் என்று நமக்கு ஒரு நினைப்பு. கோகர்ணமோ மழை விழும் பக்கம். ஆனியும் ஆடியும் அங்கே கொட்டித் தீர்க்கும். ஓம் கடற்கரையைத் தாண்டிவிட்டால் அடுத்தடுத்த சின்னக் கடற்கரைகளுக்கு வண்டி போகாது. குன்றின் விளிம்பை ஒட்டிய ஒற்றையடிப் பாதை, இல்லையென்றால் படகு. கடல் கொந்தளிக்கும் நாளில் படகை நம்ப முடியாது. பாறையெல்லாம் பாசி பிடித்துக் கிடக்கும். ஒருவர் வழுக்கி விழுந்தால் எந்த வழியாகத் தூக்கி வருவீர்கள்? பட்டியலில் பரோட்டா எங்கே சாப்பிடுவது என்பது வரைக்கும் இருக்கிறது, இது இல்லை.

இதைக் குழுக் கூட்டத்திலேயே சொல்லியிருக்கலாமே என்பீர்கள். சித்திரையில் மருந்துவாழ்மலை போய்வந்த பிறகு நடந்த கூட்டத்தில் வாயைத் திறந்தேன். "அண்ணனுக்கு வயசாயிடுச்சுங்க" என்று ஒரு தம்பி சிரித்தார், அதோடு பேச்சு மாறிவிட்டது. அதனால்தான் எல்லோரும் படிக்கிற மாதிரி எழுதுகிறேன்.

அந்தப் பயணத்துக்கு வராதவர்களுக்காக நடந்ததைச் சொல்கிறேன். வெள்ளிக்கிழமை ராத்திரி பத்து மணிக்கு ஈரோட்டில் வேன் ஏறினோம், பதினேழு பேர். கரூர், திண்டுக்கல், மதுரை, திருநெல்வேலி என்று 400 கிலோமீட்டருக்கு மேல். அந்த இருக்கையில் யார் தூங்க முடியும்? ஐந்தரைக்கு ஏறத் தொடங்கி, உச்சியில் சூரியனைப் பார்த்துவிட்டு இறங்குவதாகத் திட்டம். வழியில் டயர் பஞ்சராகி, கன்னியாகுமரிக்குப் பக்கத்தில் பொற்றையடியில் இறங்கும்போது எட்டு மணி. சூரியன் எங்களுக்கு முன்னாலேயே உச்சிக்கு வந்திருந்தது. "சின்ன மலைதானுங்க, ஒரே மூச்சு" என்று ஏறச் சொன்னீர்கள். பத்மநாபபுரம் அரண்மனைக்கு மத்தியானம் போக வேண்டுமாம், பட்டியலில் இருக்கிறதாம்.

மலை சின்னதுதான், அதை மறுக்கவில்லை. அழகும் குறைவில்லை. அனுமன் சஞ்சீவி மலையைத் தூக்கிப் போனபோது சிதறி விழுந்த துண்டு என்பது அந்த ஊர்க்கதை. நாராயண குரு தவமிருந்த பிள்ளைத்தடம் குகை இருக்கிறது. மேலே நின்றால் ஒரு பக்கம் தென்னந்தோப்பும் வயலும், இன்னொரு பக்கம் கடல். கடலே இல்லாத நாட்டிலிருந்து போன நமக்கு அந்த நீலத்தைப் பார்த்தால் கால் வலி மறந்துபோகும். சரி, அதெல்லாம் மேலே போனவர்கள் சொல்ல வேண்டியது. நானும் கொடுமுடி அக்காவும் முக்கால் வழியிலேயே நின்றுவிட்டோம்.

வெள்ளியங்கிரி ஏறிப் பழகியவர்கள் எல்லாம் ஒரு தப்புக்கணக்குப் போடுகிறோம். அங்கே மூங்கில் தடியோடு ராத்திரியில் ஏறுகிறோம். பாம்பாட்டிச் சுனை, கைதட்டிச் சுனை என்று வழியில் தண்ணீர் கிடைக்கிறது. மேலே போகப் போகக் குளிர்ந்து, ஏழாவது மலையில் பல் கிட்டுகிறது. ஏற ஏறக் குளிரும் என்பதே நம் உடம்புக்குப் பாடமாகிவிட்டது. கடலோரத்துச் சின்ன மலையில் அந்தப் பாடம் உதவாது. குளிரும் அளவுக்கு உயரமே கிடையாது. வெயிலில் பாறை தோசைக்கல்லாகக் கொதிக்கிறது. அதைவிட மோசம் காற்றில் இருக்கும் ஈரம். வியர்வை ஊறுவதால் உடம்பு குளிர்வதில்லை, அது காய்வதால்தான் குளிர்கிறது. ஈரோட்டில் 40 டிகிரி அடித்தாலும் சட்டை சீக்கிரம் காய்ந்துவிடும். அங்கே சட்டையைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டியது, சூடு உள்ளேயே நின்றது.

பத்து மணி இருக்கும். அக்கா ஒரு பாறையில் உட்கார்ந்தார். "ஒண்ணுமில்லீங், லேசா கிறுகிறுங்குது" என்றார். முகம் வெளுத்திருந்தது, உடம்பெல்லாம் வியர்வை, அப்புறம் வாந்தி. முன்னால் போனவர்களுக்கு விசில் ஊதினேன், போன் அடித்தேன். அவர்கள் உச்சியில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். என்னிடம் அரை பாட்டில் தண்ணீர் இருந்தது. ஆளுக்கு ஒரு லிட்டர் போதும் என்று சொன்னது நீங்கள்தான், மூன்று லிட்டராவது வேண்டும். இறங்கி வந்த உள்ளூர்ப் பெரியவர் ஒருவர் தன் துண்டை நனைத்து அக்காவின் கழுத்தில் போட்டு, பாறை இடுக்கு நிழலுக்குக் கைத்தாங்கலாக நகர்த்தினார். நான் விசிறினேன். உப்பும் சர்க்கரையும் கரைத்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்து, ஒரு மணி நேரம் கழித்து எழுந்தார். பேச்சு குழறவில்லை, நினைவு தப்பவில்லை. தப்பியிருந்தால் வாயில் தண்ணீர்கூட ஊற்ற முடியாது. 108-க்குச் சொல்லிவிட்டு அந்தப் பாறை வழியாகத் தூக்கி இறக்கியிருக்க வேண்டும். நான் ஒருவன் என்ன செய்திருப்பேன்?

வேனில் நீங்கள் சொன்னதுதான் இன்னும் உறுத்துகிறது. "அக்காவுக்குப் பழக்கம் பத்தலைங்க." வெள்ளியங்கிரி இரண்டு தடவை ஏறிய மனுஷி அவர். பத்தாமல் போனது ராத்திரித் தூக்கமும் தண்ணீரும். அக்கா அதற்கப்புறம் வருவதில்லை.

2018 மார்ச் 11-ஆம் தேதி தேனிப் பக்கம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கிய அன்றைக்கு ராத்திரி, நம்மில் எத்தனை பேர் வீட்டுக்குப் போன் வந்தது என்று நினைத்துப் பாருங்கள். அன்று மலையில் இருந்தவர்களில் ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்துப் பிள்ளைகளும் உண்டு. அது தீ, இது வெயில், இரண்டையும் ஒன்றாக்கவில்லை. ஆனால் இன்றைக்கும் நான் பையைத் தோளில் போட்டால் என் அம்மா வாசல் வரைக்கும் வந்து நிற்கிறார். அவருக்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் நான் வேன் ஏற வேண்டும்.

அதனால் கேட்கிறேன். போய்ச் சேரும் ஊரில் முதல் ராத்திரி எல்லோரும் படுத்துத் தூங்க வேண்டும், ஏற்றம் மறுநாள் விடிகாலையில்தான். அதற்கு ஒரு நாள் விடுப்புக் கூடுதலாகும், இல்லாவிட்டால் பக்கத்து மலையாகப் பாருங்கள். பர்கூர்ப் பக்கம் மலைக்கா பஞ்சம்? வனத்துறை அனுமதி வாங்கிக்கொண்டு போவோம். நடையில் மெதுவாக வருபவர் முன்னால் போகட்டும், வேகமாக நடக்கும் தம்பிகள் அவர் பின்னால் வரட்டும். கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் முக்கியமானது: கடைசி ஆள் 'திரும்பலாம்' என்று சொன்னால் பதினேழு பேரும் திரும்ப வேண்டும். உச்சி இருபது அடியில் இருந்தாலும் சரி, பிறகு சண்டை போட்டுக்கொள்ளலாம். அந்த அதிகாரம் இல்லாமல் கடைசியில் நடப்பவன் வெறும் சுமைகூலி.

கோகர்ணத்துக்கு நான் கட்டிய 500 ரூபாய் முன்பணத்தைத் திருப்பித் தர வேண்டாம். தை மாதப் பயணத்துக்கு வரவு வைத்துக்கொள்ளுங்கள். கொடுமுடி அக்காவையும் கூப்பிடுங்கள், ஆனால் போனில் வேண்டாம். நேரில் போய்க் கூப்பிடுங்கள், நானும் கூட வருகிறேன்.

இப்படிக்கு,
கடைசி ஆள்,
பெருந்துறை