கட்டுநர் சங்கங்களின் மனுக்கள் வெளிவரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அமெரிக்காவில் ரியல் எஸ்டேட் முகவர்களின் தேசியச் சங்கம், சட்டங்களைத் தனக்குச் சாதகமாக்க ஆட்சியாளர்களை அணுகுவதற்கு எவ்வளவு செலவிட்டது என்பதை, 1995ஆம் ஆண்டுச் சட்டப்படி மூன்று மாதங்களுக்கு ஒருமுறை பதிவு செய்தாக வேண்டும். யாரும் அதைப் படிக்கலாம். நம் நாட்டில் அத்தகைய சட்டமே இல்லை. மலிவு விலை வீடுகளுக்கான 1 சதவீத ஜிஎஸ்டிக்கு உரிய 45 லட்சம் ரூபாய் விலை வரம்பை உயர்த்துமாறு, கட்டுநர்களின் அகில இந்தியக் கூட்டமைப்பான கிரெடாய் மத்திய அரசிடம் கோரியிருக்கிறது. கேட்பது அவர்கள் உரிமைதான். ஆனால், காட்பாடியிலும் சத்துவாச்சாரியிலும் வங்கிக் கடனில் வீடு வாங்கும் எங்களுக்கு (டெல்லியில் எங்களுக்கு ஏது சங்கம்?) அரசுடன் அவர்கள் நடத்தும் சந்திப்புகளில் பேசப்படுவது தெரிவதில்லை. பட்ஜெட்டுக்கு முன்பு கட்டுநர் சங்கங்கள் அளிக்கும் மனுக்களை நிதி அமைச்சகம் முழுமையாக வெளியிட வேண்டும்.

– வாசகர், காட்பாடி, வேலூர் மாவட்டம்