கொலுசு ஊரில் கொலுசைத் தேடினால் கிடைக்க வேண்டாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசு மொத்த வியாபாரக் கடை ஒன்றில் பதினெட்டு ஆண்டுகளாகக் கணக்கு எழுதி வருகிறேன். பொறியியல் மாணவர்களின் இறுதியாண்டுத் திட்டப்பணி குறித்துத் தங்கள் நாளிதழ் வழியாக ஒரு வேண்டுகோள் வைக்க விரும்புகிறேன்.

என் அக்காள் மகள் ஏற்காட்டில் இருந்து தினமும் இருபது கொண்டை ஊசி வளைவுகளைப் பஸ்ஸில் கடந்து வந்து சேலத்தில் கணினி அறிவியல் படிக்கிறாள். இந்த ஆண்டு அவளும் மூன்று தோழிகளும் ஆளுக்கு இரண்டாயிரம் ரூபாய் போட்டு, வருகைப் பதிவு நிரல் ஒன்றை விலைக்கு வாங்கிக் கல்லூரியில் காட்டினார்கள். முந்தைய ஆண்டு மாணவர்கள் காட்டியதும் அதுவேதான். "சித்தி, அதில் ஒரு வரியைக்கூட என்னால் விளக்க முடியவில்லை" என்று அவள் சொன்னபோது எனக்கு மனது ஆறவில்லை. அந்த வாரம்தான் எங்கள் கடைக் கணினியில் எனக்கு ஒரு சிக்கல் வந்தது.

கடைக் கணினியில் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் என்னும் இயங்குதளத்தைப் போட்டு, யூலாஞ்சர் என்னும் இலவச லாஞ்சரைப் பயன்படுத்துகிறேன். கன்ட்ரோலையும் ஸ்பேஸையும் சேர்த்து அழுத்தினால் திரையில் ஒரு பெட்டி வரும். பெயரில் இரண்டு எழுத்து அடித்தாலே வேண்டிய செயலி திறந்துவிடும். ஈரோட்டு வியாபாரி போனில் காத்திருக்கும்போது மௌசைப் பிடித்துக்கொண்டு கோப்புறை கோப்புறையாகப் போக முடியாது. கடையில் உள்ள நாலாயிரம் கொலுசுப் படங்களையும் அந்தப் பெட்டியிலேயே தேட வேண்டும் என்று ஆசைப்பட்டேன். லாஞ்சரோடு செருகிக்கொள்ளும் இப்படிப்பட்ட சிறு நிரலைச் செருகுநிரல் என்பார்கள். அதை நாமே எழுதிக்கொள்ளலாம். ஒரு கோப்புறை, அதற்குள் செருகுநிரலின் பெயரையும் அழைப்புச் சொல்லையும் குறிக்கும் சிறு கோப்பு ஒன்று, பைத்தான் என்னும் கணினி மொழியில் எழுதிய நிரல் ஒன்று, இவ்வளவு போதும். அடிக்க அடிக்க, அதுவரை அடித்த சொல்லை லாஞ்சர் நம் நிரலுக்கு அனுப்பும். நாம் ஒரு பட்டியலைத் திருப்பித் தர வேண்டும். எந்த வரியில் என்டர் அழுத்தினால் எது நடக்க வேண்டும் என்பதையும் நாமே சொல்லிவிடலாம். நான் பி.காம். படித்தவள். இரவில் பைத்தான் கற்றுக்கொண்டு எட்டு நாளில் எழுதி முடித்தேன்.

முதலில் அது திணறியது. தமிழ்99 விசைப்பலகையில் 'கொலுசு' என்று அடிக்க ஆறு விசைகள். நான் எழுதியிருந்த முறையில், விசைக்கு விசை அது நாலாயிரம் படங்களையும் புதிதாகத் துழாவியது. தொடங்கும்போதே பெயர்களை ஒருமுறை படித்து நினைவில் வைத்துக்கொள்ளும்படி மாற்றியதும் சரியாகிவிட்டது. யூலாஞ்சரில் செருகுநிரல் தனி நிரலாக ஓடுகிறது. நம் நிரல் தவறி விழுந்தாலும் லாஞ்சர் விழாது. புதிதாகக் கற்பவர்களுக்கு இது பெரிய தைரியம்.

பிறகுதான் அந்தச் சிக்கல். 'முத்து' என்று தேடினால் படங்கள் வந்தன. 'சலங்கை' வந்தது. 'கொலுசு' என்று அடித்தால் ஒன்றுகூட வரவில்லை. கோப்பின் பெயரில் கொலுசு என்றே இருக்கிறது, கண்ணால் பார்க்கிறேன், ஆனால் நிரல் இல்லை என்கிறது. இரண்டு நாள் தூக்கமில்லை. கடைசியில் இரண்டு சொற்களையும் குறியீடு குறியீடாகப் பிரித்து அச்சிட்டுப் பார்த்தேன். நான் அடித்த 'கொ'வில் இரண்டு குறியீடுகள்: ககரம் ஒன்று, ஒகரக் குறி ஒன்று. படத்தின் பெயரில் இருந்த 'கொ'வில் மூன்று: ககரம், ஒற்றைக்கொம்பு, துணைக்கால். அந்தப் படங்கள் வேறொரு வகைப் பழைய கணினியில் இருந்து வந்தவை. அதன் கோப்பு முறை பெயர்களைப் பிரித்தே சேமிக்கும். இரண்டும் ஒன்றுதான் என்று, எல்லா மொழி எழுத்துகளுக்கும் குறியீடு வகுத்துத் தரும் யூனிகோடு விதி சொல்கிறது. தமிழில் இப்படிப் பிரியக்கூடியவை நான்கே: ஒகர, ஓகார, ஔகாரக் குறிகளும் 'ஔ' என்னும் உயிரெழுத்தும். பைத்தானோடு கூடவே வரும் யூனிகோட்டேட்டா (unicodedata) என்ற தொகுதியைக் கொண்டு இரு பக்கத்தையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவர ஒரே வரி போதும். அந்த வரியைச் சேர்த்த நொடியில் கொலுசுகள் வரிசையாகத் திரையில் வந்து நின்றன.

அடுத்த பிழையைப் பிடித்தவள் அக்காள் மகள். இடையில் ஓர் எழுத்து விட்டுப்போனாலும் கண்டுபிடிக்கும்படி நான் எழுதியிருந்தேன். அவள் 'கல்' என்று அடித்தாள். கல் வைத்த கொலுசுகளோடு 'குழந்தைக் கால் அளவு' படங்களும் வந்தன. துணைக்காலை நிரல் தனி எழுத்தாக எண்ணி, அதைத் தாண்டிப் போய்விட்டது. அப்படியானால் 'மலை' என்று தேடினால் 'மாலை'யும் வரும், 'கடை' என்றால் 'காடை'யும் வரும். முதல் வகுப்புப் பிள்ளைக்குக் 'கா' ஓர் எழுத்து. என் நிரலுக்கு இரண்டு. ஓப்பன்-தமிழ் என்ற கட்டற்ற பைத்தான் நூலகத்தில் (பிறர் எழுதி வைத்த நிரல்களின் தொகுப்பு), சொல்லை எழுத்து எழுத்தாகப் பிரித்துத் தரும் வசதி இருக்கிறது. அதை எடுத்து அவளே பொருத்தினாள். இரண்டு மாலைப் பொழுதில் வேலை முடிந்தது. இப்போது அந்த நிரலில் எந்த வரியைக் கேட்டாலும் ஏன் எழுதினேன் என்று சொல்கிறாள்.

கல்லூரி ஆசிரியர்களிடம் நான் கேட்பது இதைத்தான். விலைக்கு வாங்கிய வருகைப் பதிவு நிரலுக்குத் தரும் மதிப்பெண்ணை, இந்த ஊரில் ஒரு கடையிலோ பட்டறையிலோ உண்மையாக ஓடும் சிறிய செருகுநிரலுக்குத் தாருங்கள். இருநூறு வரி என்பதற்காக அதைச் சிறிய வேலை என்று தள்ளிவிடாதீர்கள். விண்டோஸ் வைத்திருப்பவர்களுக்கு ஃப்ளோ லாஞ்சர் இருக்கிறது, லினக்ஸில் ஆல்பர்ட் என்ற இன்னொரு லாஞ்சரும் இருக்கிறது. இரண்டுக்கும் பைத்தானில் எழுதலாம். அம்மாப்பேட்டையில் தறிக் கணக்கு இருக்கிறது, ஜவ்வரிசி ஆலைகளில் மூட்டைக் கணக்கு இருக்கிறது, ஏற்காட்டுத் தோட்டங்களில் காப்பிக் கணக்கு இருக்கிறது. ஆட்களின் பெயரும் ஊரின் பெயரும் அங்கெல்லாம் தமிழில்தான் எழுதப்படுகின்றன. லாஞ்சரை எழுதுகிறவர் எங்கோ இருக்கிறார். துணைக்கால் எது என்று அவருக்கு யார் சொல்வார்கள்? நம் பிள்ளைகள்தான் சொல்ல முடியும்.

இன்னும் தீராத வேலையும் மிச்சமிருக்கிறது. 'ஔ' என்பதை 'ஒ'வும் 'ள'வுமாகச் சேர்த்து அடித்திருந்தால் அந்த ஒரு வரி அதைச் சரிசெய்யாது. யூனிகோடு விதிப்படி அவை வெவ்வேறு. பழனி என்ற பெயரைச் சிலர் 'பழநி' என்று எழுதுகிறார்கள்; ஒன்றைத் தேடினால் மற்றதும் வர வேண்டும். எங்கள் பழைய பற்று வரவுக் கோப்புகள் யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் கிடக்கின்றன. அவற்றுக்குள் தேட இதுவரை வழி செய்யவில்லை. இந்த மூன்றில் ஒன்றை எடுத்துச் செய்ய விரும்பும் மாணவர்களுக்குக் கடைக் கணினியைத் தர முதலாளி சம்மதித்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை கடை விடுமுறை. காலை பத்து மணிக்கு வந்து நான் திறந்து வைக்கிறேன். முகவரியைத் தங்கள் அலுவலகத்தில் கொடுத்திருக்கிறேன். கேட்கும் மாணவர்களுக்குத் தெரிவிக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
கொலுசுக் கடைக் கணக்காளர்,
செவ்வாய்ப்பேட்டை, சேலம்.