தம்பி, அந்த டாங்கியை அழுக்காக்கு

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். இரண்டாம் உலகப் போரின் சோவியத் டாங்கியான டி-34-ன் பிளாஸ்டிக் மாடல் பிரமாதமாக வந்திருக்கிறது. டரெட்டில், அதாவது பீரங்கி சுழலும் மேல்கூண்டில், திரவப் பசையைத் தடவி, பிளாஸ்டிக் இளகியதும் முரட்டு பிரஷ்ஷால் குத்திக் குத்தி வார்ப்பு எஃகின் சொரசொரப்பைக் கொண்டுவந்திருக்கிறாய். ஸ்ப்ரூவிலிருந்து, அதாவது பாகங்கள் ஒட்டிக்கொண்டு வரும் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து, வெட்டிய தடம் எங்கேயும் தெரியவில்லை. எண்களுக்காக ஒட்டிய டிகால் படலத்தின் ஓரமும் தெரியவில்லை, பெயின்ட் அடித்தது போலவே இருக்கிறது. இவ்வளவையும் செய்துவிட்டுக் கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறாயே, "இதுக்கு மேல கை வச்சா கெட்டுப்போயிடும்னு பயமா இருக்குக்கா, இப்படியே கண்ணாடிப் பெட்டில வச்சிடட்டுமா?" என்று, அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

வைக்காதே. பாதி வேலைதான் முடிந்திருக்கிறது.

உன் பயம் எனக்குப் புரிகிறது. அத்தனை பொறுமையாக ஏற்றிய பச்சையின் மேல் பழுப்புத் தண்ணீரை ஊற்றச் சொன்னால் யாருக்கும் மனசு வராது. ஆனால் அந்தப் படங்களை இன்னொரு முறை பார். 1942-ம் ஆண்டு டி-34 ஏறத்தாழ 28 டன் எடை. உன் மேசையில் இருப்பதில் அந்த எடை தெரிகிறதா? மேல்தகடு, பக்கத்தகடு, சக்கரம் எல்லாவற்றிலும் ஒரே பச்சை ஒரே அளவில் இருப்பதால் கண் எங்கேயும் நிற்காமல் வழுக்கிக்கொண்டு போகிறது. உள்ளங்கையில் தூக்கிவிடக்கூடிய பிளாஸ்டிக்குக்குக் கனம் கொடுப்பது நிழலும் தூசியும் தேய்மானமும்தான்.

பிரஷ்ஷைத் தொடுவதற்கு முன் ஒன்றை முடிவு செய்துகொள். இந்த வண்டி எந்த மாதத்தில், எந்த இடத்தில் நிற்கிறது? நிறைய பேர் இதை யோசிக்காமலே துரு, சேறு, புகை, பெயின்ட் உரிசல் என்று கையில் கிடைத்ததையெல்லாம் ஏற்றிவிடுகிறார்கள். பார்த்தால் முப்பது வருடம் வயலில் கைவிடப்பட்ட வண்டி மாதிரி இருக்கும். போரில் அப்படி இல்லை. அந்தப் போரில் கட்டப்பட்ட டி-34களில் பெரும்பகுதி போரிலேயே அழிந்தது. பல வண்டிகளுக்குத் துருப்பிடிக்கும் வயதே வரவில்லை. தகடுகளில் ஆரஞ்சு நிறத் துரு வழிவதற்கு முன்பே அவை எரிந்துபோயின. அதனால் நீ காட்ட வேண்டியது முதுமையை அல்ல, உழைப்பை. சில வாரங்களிலேயே ஓர் இயந்திரம் என்ன பாடுபட்டிருக்கும் என்பதை.

1943 ஜூலை, கூர்ஸ்க் என்று வைத்தால் வறண்ட தூசி. ஈரத்தில் கறுப்பாக இருக்கும் அந்த மண் காய்ந்தால் வெளிறிவிடும். மார்ச் மாத ரஷ்யா என்றால் பனி உருகிய சேறு, சக்கரத்தின் பாதி வரைக்கும். உன்னுடையது 1942 மாடல் என்பதால் நான் சொல்வது அந்த வருடக் கடைசி, ஸ்டாலின்கிராடைச் சுற்றி வளைத்த குளிர்காலம். காரணம், அந்தக் குளிர்கால வெள்ளை. பச்சைக்கு மேல் குழுவினர் கையாலேயே பூசிய தற்காலிகப் பூச்சு அது. மழையிலும் உராய்விலும் தானாகப் போய்விடும், வசந்தத்தில் மிச்சத்தைக் கழுவிவிடுவார்கள். இதை மாடலில் கொண்டுவர ஹேர்ஸ்பிரே முறையைப் போலப் பொருத்தமானது வேறில்லை. ஏனென்றால் நிஜத்தில் நடந்ததையேதான் நாமும் செய்கிறோம்: தண்ணீரில் கரையும் ஒரு படலத்தைத் தண்ணீராலேயே தேய்த்து எடுக்கிறோம்.

செய்முறையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், நீ தயங்குவது இங்கேதான் என்பதால்.

முதலில் பச்சையின் மேல் சாட்டின் வார்னிஷ் ஒரு பூச்சு. இதுதான் உன் காப்பு. நன்றாகக் காயட்டும், ஒருநாள் விட்டால் நல்லது. அப்புறம் ஹேர்ஸ்பிரே, மெல்லியதாக இரண்டு முறை. டப்பாவிலிருந்து நேராக அடித்தால் துளித்துளியாக விழும், ஒரு கிண்ணத்தில் இறக்கி ஏர்பிரஷ்ஷில் ஊற்றி அடி. அது காய்ந்ததும் அக்ரிலிக் வெள்ளை. சுத்த வெள்ளை வேண்டாம், ஒரு சொட்டு சாம்பலோ மஞ்சளோ கலந்துகொள். இதில் முக்கியம், வெள்ளையைத் தண்ணீரில் கரை. அதற்கென்று விற்கும் தின்னரில் கரைத்தால் பிடிப்பு கூடிவிடும், பிறகு தேய்த்தாலும் வராது. அடிக்கும்போதே ஒரே சீராக அடிக்காதே. அவசரத்தில், உறையும் குளிரில் ஒருவன் பெரிய பிரஷ்ஷை வைத்துக்கொண்டு பூசியிருக்கிறான். கை எட்டாத மூலைகளில் பச்சை தெரியும். டரெட் எண்ணைச் சுற்றி விட்டுவிட்டுப் பூசிய வண்டிகளைப் பழைய படங்களில் பார்க்கலாம், நீயும் அப்படியே செய்தால் உன் டிகாலும் தப்பிக்கும்.

வெள்ளை காய்ந்த அரை மணி நேரத்தில் வேலையைத் தொடங்கு. நாள் கணக்கில் விட்டால் இறுகிவிடும். பிரஷ்ஷை வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து ஒரு சின்ன இடத்தை ஈரமாக்கிவிட்டுக் காத்திரு. தண்ணீர் உள்ளே இறங்கி ஹேர்ஸ்பிரேயைக் கரைக்கும். பிறகு குட்டை மயிர் பிரஷ்ஷால் மெதுவாகத் தேய். முதலில் ஒன்றும் நடக்காது. திடீரென்று ஓர் ஓரத்தில் வெள்ளை இளகி, கீழே பச்சை எட்டிப் பார்க்கும். அந்தக் கணத்தில் கை தானாக வேகமெடுக்கும், அங்கேதான் நிறுத்த வேண்டும். தேய்த்து எடுத்ததை மறுபடி ஒட்ட முடியாது. ஆனால் எடுக்காமல் விட்டதை நாளைக்குக்கூட எடுக்கலாம்.

எங்கே தேய்ப்பது? வண்டியில் யார் எங்கே கால் வைத்தார்கள் என்று யோசி. டி-34-ல் ஓட்டுநரின் மூடி முன்தகட்டிலேயே இருக்கிறது. அவர் உள்ளே போவதும் வெளியே வருவதும் அந்தச் சரிவின் மேல்தான். அதனால் முன்தகட்டில் அந்த மூடியைச் சுற்றி, முக்கியமாகக் கீழ் ஓரத்தில், வெள்ளை நிற்கவே நிற்காது. மற்ற டாங்கிகளின் படங்களைப் பார்த்து வெதரிங் (இப்படி அழுக்கும் தேய்மானமும் ஏற்றுவது) செய்பவர்கள் இந்த இடத்தைத் தவறவிடுவார்கள். அப்புறம் டரெட் மூடியின் விளிம்பு. பிறகு கைப்பிடிக் கம்பிகளும் என்ஜின் மேல்தகடும். சோவியத் காலாட்படை டாங்கியின் முதுகில் ஏறித்தான் முன்னேறியது. அத்தனை பூட்ஸ்களும் உரசிய இடம் அது. டரெட்டின் பக்கவாட்டில் நடுப்பகுதியை யாரும் தொட மாட்டார்கள், அங்கே வெள்ளை அப்படியே கிடக்கட்டும். ஒவ்வொரு தேய்மானத்துக்கும் "இது எப்படி வந்தது?" என்று யாராவது கேட்டால் உன்னிடம் பதில் இருக்க வேண்டும். பதில் இல்லாத கறை எவ்வளவு அழகாக விழுந்திருந்தாலும் எடுத்துவிடு.

இரும்பு தெரியும் கீறல்களைக் கஞ்சத்தனமாகப் போடு. இதற்கு அளவைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். உன் மாடல் நிஜ வண்டியில் 35-ல் ஒரு பங்கு. இந்த 1/35 என்பதே ஒரு வேடிக்கையான அளவு. 1960களின் தொடக்கத்தில் ஜப்பானிய மாடல் நிறுவனமான டாமியா தன் பேந்தர் டாங்கியை வடிவமைத்தபோது மோட்டாரும் பேட்டரிகளும் உள்ளே அடங்க வேண்டியிருந்தது, அதற்கேற்ப அமைந்த அளவு இது. பிறகு உலகமே அதைப் பிடித்துக்கொண்டது. அந்தக் கணக்கில் உன் மாடலில் ஒரு மில்லிமீட்டர் கீறல் நிஜத்தில் மூன்றரை சென்டிமீட்டர். பெயின்ட் அந்த அளவுக்குப் பெயர்ந்த இடங்கள் வண்டியில் இருக்கும்தான், ஆனால் எல்லா விளிம்பிலும் வரிசையாக இருக்காது. கீறலுக்கான பெயின்ட்டை ஸ்பாஞ்சுத் துண்டால் ஒற்றும்போது முதலில் காகிதத்தில் ஒற்றி, கிட்டத்தட்ட காய்ந்துபோன ஸ்பாஞ்சோடு மாடலுக்கு வா.

அப்புறம் வாஷ், அதாவது பள்ளங்களில் ஓடி நிழல் காட்டும் நீர்த்த பெயின்ட். எனாமல் வாஷ் வாங்கு, அடர்பழுப்பு. கறுப்பு வேண்டாம், வெள்ளைப் பூச்சின் மேல் கறுப்பு கோடு போட்ட படம் மாதிரி ஆகிவிடும். போல்ட்டுகளைச் சுற்றியும் பற்றவைப்புக் கோடுகளிலும் நுனி பிரஷ்ஷால் தொட்டாலே போதும், தானே ஓடிப் பிடித்துக்கொள்ளும். கால் மணி நேரம் கழித்து, ஒயிட் ஸ்பிரிட் என்ற பெயின்ட் கரைப்பானில் நனைத்துத் துடைத்த பிரஷ்ஷால் மிச்சத்தை இழுத்துவிடு. கீழே அக்ரிலிக்கும் வார்னிஷும் இருப்பதால் ஒயிட் ஸ்பிரிட் அவற்றைத் தொடாது, தப்பாக விழுந்தாலும் துடைத்துவிடலாம். உன் பயத்துக்கு இதைவிட நல்ல மருந்து என்னிடம் இல்லை. ஒன்று மட்டும், அதைக் குளமாகத் தேங்க விடாதே. பெயின்ட் படாத உள்பக்கத்துக்கு இறங்கினால் பிளாஸ்டிக் பலவீனமாகி, இறுக்கமாக ஒட்டிய இடங்களில் விரிசல் விடலாம்.

சரி, டிராக், அதாவது சக்கரங்களைச் சுற்றி ஓடும் இரும்புச் சங்கிலிப் பட்டை. நான் மிகவும் ரசித்துச் செய்யும் இடம் இது, அதனால் கொஞ்சம் பொறுத்துக்கொள். டி-34-ன் பின் இயக்குச் சக்கரத்தில் பற்கள் கிடையாது. இரண்டு வட்டத் தகடுகளுக்கு நடுவில் உருளைகள் இருக்கும். டிராக்கில் ஒன்று விட்டு ஒரு கண்ணியில் உள்பக்கம் நிற்கும் கொம்பை அந்த உருளைகள்தான் பிடித்துத் தள்ளும். அதே கொம்புகள் இரட்டைச் சக்கரங்களுக்கு நடுவே உரசிக்கொண்டே ஓடும். ஆக, பளபளப்பு வர வேண்டியது கொம்பின் பக்கங்களில், சக்கரங்கள் உருளும் உள்தடத்தில், வெளியே தரையைத் தொடும் மேடுகளில். மற்ற இடமெல்லாம் மங்கலான கரும்பழுப்பு. ஓடிக்கொண்டிருக்கும் வண்டியின் டிராக் ஆரஞ்சுத் துருவாக இருக்காது.

இந்தப் பளபளப்புக்கு வெள்ளிப் பெயின்ட்டைத் தொடாதே. 2பி பென்சில் முனையை உப்புத்தாளில் தேய்த்துத் தூளாக்கி, விரல் நுனியால் அந்த மேடுகளில் மட்டும் தடவு. எஃகின் கருமை கலந்த மினுக்கம் அப்படியே வரும். ரப்பர் தட்டுப்பாட்டால் 1942-ல் பல வண்டிகளுக்கு வெளிவிளிம்பே எஃகாக இருக்கும் சக்கரங்கள் போட்டார்கள். உன் கிட்டில் அந்தச் சக்கரங்கள்தான் என்று படத்தில் தெரிகிறது, அந்த விளிம்புகளுக்கும் இதே தூள்தான். இன்னொரு சின்ன இடம்: டிராக் கண்ணிகளைக் கோத்த ஊசிகள் ஓட்டத்தில் உள்பக்கமாக நகர்ந்து வரும். அவற்றைத் திரும்ப உள்ளே தட்டுவதற்கென்றே வண்டியின் உடலில் பின்பக்கம் ஒரு சரிவுத் தகடு உண்டு. ஊசித் தலைகள் இடைவிடாமல் மோதி அது தேய்ந்து மின்னும். அங்கே பென்சில் தூளால் ஒரு தீற்று தீற்றிவிட்டு, டிராக்கை மாட்டி மூடிவிடு. பாதி மறைந்துபோகும். இருந்தாலும் செய். டிராக்கின் மேல்பகுதி சக்கரங்களின் மேல் தொய்ந்து படுத்திருக்க வேண்டும் என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை, ஏற்கனவே அழகாகச் செய்திருக்கிறாய்.

புகைபோக்கிகள் இரண்டும் பின்தகட்டில்தான், அங்கே கரியும் கொஞ்சம் துருவும் தாராளமாக வரலாம். டீசல் நிரப்பும் மூடியைச் சுற்றி அடர்பழுப்பு ஆயில் பெயின்ட்டை நீர்க்கக் கரைத்து ஒரு கறை. காய்ந்ததும் அதற்குள்ளேயே சிறிதாக, கொஞ்சம் மினுங்கும்படி இன்னொரு கறை. பழைய சிந்தலின் மேல் புதிய சிந்தல். ஆயில் பெயின்ட்டைக் குழாயிலிருந்து அட்டைத் துண்டின் மேல் பிதுக்கி வைத்தால் எண்ணெயை அட்டை உறிஞ்சிக்கொள்ளும், மங்கலாகக் காயும். மினுக்கம் வேண்டிய இடத்துக்குக் கடைசியில் ஒரு சொட்டு கிளாஸ் வார்னிஷ் சேர்த்தால் போதும்.

கடைசியாகச் சேறு. மேட் வார்னிஷை இதற்கு முன்பே அடித்து முடித்துவிடு, சேற்றுக்குப் பயன்படுத்தும் நிறத்தூளான பிக்மென்ட்டின் மேல் அடித்தால் நிறம் இருண்டு பாதி காணாமல் போகும். குளிர்காலம் என்பதால் சேறு அளவாகத்தான் இருக்க வேண்டும்: சக்கரங்களுக்குப் பின்னால் கீழ்ப்பக்கத் தகட்டில் கெட்டியாக, மேலே போகப் போகத் தெறிப்பாக. முதலில் வெளிறிய காய்ந்த மண். அதன் மேல், அதைவிடக் குறைந்த இடத்தில், ஈரமான கருமண். தெறிப்புக்குப் பிரஷ்ஷை நனைத்து, பல்குத்தும் குச்சியில் மயிரைத் தட்டினால் போதும். முன்தகட்டுக்குத் தெறிப்பு வராதபடி காகிதத்தால் மறைத்துக்கொள். பிக்மென்ட் வெறும் தூள், ஏர்பிரஷ் புகையைப் போலவே அதுவும் மூச்சில் போகக் கூடாது. முகமூடி போட்டுக்கொள், ஜன்னலைத் திறந்து வை. இதில் மட்டும் அக்கா சொல்வதை மறுபேச்சில்லாமல் கேள்.

எப்போது நிறுத்துவது என்று அடுத்த கடிதத்தில் கேட்பாய். மாடலை முப்பது சென்டிமீட்டர் தூரத்தில் வைத்துப் பார். அது நிஜ வண்டியைப் பத்தரை மீட்டர் தள்ளி நின்று பார்ப்பதற்குச் சமம். அந்தத் தூரத்தில் நின்றால் ஒவ்வொரு கீறலும் தனித்தனியாகக் கண்ணில் குத்தாது. வண்டி முழுசாகத் தெரியும், பிறகு தேய்ந்த இடங்கள் ஒவ்வொன்றாகத் தெரியும். இதற்கு மாறாக வண்டிக்கு முன்னால் கறை கண்ணில் பட்டால், அந்தக் கறையைக் கொஞ்சம் மங்கலாக்கு.

இந்த வாரமே ஆரம்பி. நேராக முன்தகட்டில் கை வைக்க நடுக்கமாக இருந்தால், மிச்சமிருக்கும் ஸ்ப்ரூவில் ஒரு தகட்டை எடுத்து அதே பச்சை, அதே வார்னிஷ், அதே ஹேர்ஸ்பிரே, அதே வெள்ளை என்று ஏற்றித் தேய்த்துப் பழகிக்கொள். பிறகு வண்டிக்கு வா. என்ஜின் மேல்தகட்டில் தொடங்கு, முன்தகட்டைக் கடைசிக்கு வை. ஓட்டுநர் மூடியின் கீழ் ஓரத்தை முடித்ததும், வேறு எதையும் தொடுவதற்கு முன், பக்கவாட்டு வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்து அனுப்பு.

அன்புடன்,
அக்கா