கழிமுகக் கரையில் பறவை, ஆமைகளுக்கு முதலுதவிக் கூடம்: நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்யும் எண்ணூர் கழிமுகத்துக்குள் புகுந்தது. படகு, வலை, அலையாத்திச் செடி எல்லாம் கறுத்தன. இழப்பீட்டுப் பேச்சு அதற்குரிய இடத்தில் நடக்கட்டும். இந்தக் கடிதம் அன்று இறகு ஒட்டிப்போய்த் தவித்த கூழைக்கடாக்களைப் பற்றியது.

எண்ணெய் பட்ட பறவையைக் கண்டதும் சோப்பு போட்டுக் கழுவத்தான் கை பரபரக்கும். அதுதான் கூடாது. இறகைக் கோதிக் கோதி எண்ணெய்யை விழுங்கியிருக்கும். உடம்புச் சூடும் இறங்கியிருக்கும். முதலில் கதகதப்பு, இருட்டு, அமைதி. தெம்பு வந்த பிறகே கழுவ வேண்டும், அதுவும் பழகியவர் கையால். கொத்திவிடுமே என்று கூழைக்கடாவின் அலகை இறுகக் கட்டிவிடுகிறோம். அது வாயால் மூச்சுவிடும் பறவை; அலகில் சிறிது இடைவெளி விட்டே தீர வேண்டும். வலையில் மூச்சடைத்துச் செத்ததுபோல் கிடக்கும் பங்குனி ஆமையை உடனே கடலில் தள்ளினால் மூழ்கிவிடும். பின்பக்கத்தைச் சற்று உயர்த்தி, ஓட்டின்மேல் ஈரத்துணி போட்டு நிழலில் வைத்தால், சில மணி நேரம் கழித்தாவது அசையக்கூடும். 2025 ஜனவரியில் சென்னைக் கரையெங்கும் ஆமைகள் நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கியதை யாரும் மறந்திருக்க மாட்டோம்.

இதையெல்லாம் கற்றுத்தரக்கூடியவர்கள் தொலைவில் இல்லை. 1989இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் நம் மாதவரத்தில்தான் இருக்கிறது. மாட்டுக்கும் நாய்க்கும் அதன் வேப்பேரிக் கல்லூரிக்கு ஓடுகிறோம். காட்டுயிர்களுக்கும் அங்கே தனித் துறை உண்டு என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. மருத்துவம் இருக்கிறது. கண்டெய்னர் லாரி வரிசைக்கு நடுவே அதுவரை உயிரைக் காப்பாற்றிக் கொண்டுசேர்க்கத்தான் வழியில்லை.

ஊர்ப் பஞ்சாயத்தார் பழைய வலைக்கூடம் ஒன்றைத் தர இசைந்திருக்கிறார்கள். அதற்குக் கூரை மாற்றி, வெந்நீர் வசதியும் தடுப்பு அறைகளும் அமைத்து, கூண்டு பொருத்திய சுமை ஆட்டோ ஒன்றும் வாங்க வேண்டும். நம் இளைஞர்களுக்குப் பயிற்சி கேட்டுப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்திருக்கிறோம். காட்டுயிரை நம் விருப்பத்துக்கு வைத்துக்கொள்ள 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இடம் தராது. எனவே வனத்துறை அனுமதி கிடைத்த பின்பே கூடம் திறக்கப்படும்.

குடும்பத்துக்கு 500 ரூபாய் என்று கேட்கிறோம். கடலுக்குப் போகாத நாட்களில் யாரையும் கேட்க மாட்டோம். பணம் இயலாதவர்கள் பழைய துண்டு, மீன் பெட்டி, ஒரு நாள் உழைப்பு தரலாம். ஆமைக்குப் பெட்டியைவிட நாலு பேர் கைதான் அதிகம் உதவும். ஆலைகளிடம் வாங்கலாமா என்று கூட்டத்தில் நீண்ட வாக்குவாதம் நடந்தது. இப்போதைக்கு வேண்டாம் என்று முடிவாகியிருக்கிறது.

வரவு செலவு ஒவ்வொரு மாதமும் மீன் ஏலக்கூடப் பலகையில் ஒட்டப்படும். பொருளாளரிடம் மட்டும் பணம் கொடுத்து, மறவாமல் ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
முதலுதவிக் கூட அமைப்புக் குழுவினர்,
எண்ணூர்