சுரங்கத்துக்கு ஒரு விதி

ஹட்டன்

அன்பு மச்சான்,

சுகம்தானே? வீட்டிலும் எல்லாரும் சுகமென்று நம்புகிறேன். இங்கே அடைமழை, மூன்று நாளாக எதிர்மலை கண்ணில் படவில்லை. உன் நாவலை இரண்டு தரம் வாசித்தேன்.

பதுளைப் பாதையில் தெமோதரை ஸ்டேசனுக்கு நேர் அடியில் போகும் சுரங்கத்தைக் காலத்தின் வாசலாக்கினாயே, அதற்காகவே இதை முடிக்க வேண்டும். மேலே நின்ற ரயில் மலையைச் சுற்றி இறங்கி, தான் நின்ற இடத்துக்கே கீழே நுழைகிறது. காலப் பயணக் கதைக்கு வேறென்ன வேண்டும்?

ஆனால் சுரங்கத்துக்கு நீ விதி வைக்கவில்லை. உன் கதாநாயகி மல்லிகா 1867க்குப் போய் லூல்கந்துர தோட்டத்தில் தேயிலை நடுவதைப் பார்க்கிறாள். பதுளைக்கு ரயில் வந்ததே 1924இல். சுரங்கமே இல்லாத காலத்தில் ரயில் எதிலிருந்து வெளியே வரும்? அந்த அத்தியாயம் அழகானது, ஆனாலும் எடுத்துவிடு. சுரங்கம் இருந்த காலத்துக்கு மட்டும்தான் போகலாம் என்று வை. நம் தோட்டத்துச் சனத்தை நாடற்றவர்களாக்கிய 1948 குடியுரிமைச் சட்டமும், அவர்களை இந்தியாவுக்கும் இலங்கைக்கும் பங்குபோட்ட 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தமும் அந்த எல்லைக்குள்ளேயே இருக்கின்றன. உன் கதைக்கு அவை போதும்.

அடுத்தது விலை. இப்போது அவள் நினைத்த நேரம் போய் வருகிறாள். அதனால் எந்த ஆபத்திலும் பதற்றம் இல்லை, "இன்னொருக்கா போய்ச் சரிபண்ணலாமே" என்று வாசகர் சும்மா இருந்துவிடுவார். அவள் தேடுவது இந்தியாவுக்குக் கப்பலேறிய பாட்டியை, அவளுடைய அம்மாயியை. ஒவ்வொரு பயணத்துக்கும் அம்மாயியைப் பற்றிய ஒரு ஞாபகம் அழியட்டும். மூன்று பயணம் போதும். முதல் தரம் இழந்ததே அவளுக்குத் தெரியக் கூடாது, வாசகருக்கு மட்டும் தெரியட்டும். இரண்டாம் தரம் தெரிந்து பயப்பட வேண்டும். மூன்றாம் தரம் தெரிந்தே கொடுக்க வேண்டும். உச்சக்கட்டம் அதிலிருந்தே பிறக்கும். கடைசியில் குறி சொல்லும் கோடாங்கி வந்து உடுக்கடித்து வழி திறக்கத் தேவை இருக்காது.

கோடாங்கியை விட மனமில்லையென்றால், முதல் கால்பகுதிக்குள் அவர் உடுக்கு சுரங்க வாசலில் ஒரு தரம் சத்தமில்லாமல் போகட்டும். அதைத் தனிப் பந்தியில் வைக்காதே, கண்டுபிடித்துவிடுவார்கள். சண்டைக்கு நடுவே ஒரு வரியாகப் போடு. பாதிக் கதையில் இன்னொரு தரம் தொட்டுவிட்டு விட்டுவிடு. பேசும் அட்டைப் பூச்சிகள் வேண்டவே வேண்டாம். ஆர்தர் சி. கிளார்க், பூமியிலிருந்து விண்வெளிக்குக் கம்பியில் ஏறும் மின்தூக்கிக் கதைக்காக இலங்கையை 800 கிலோமீற்றர் தெற்கே நகர்த்திப் பூமத்திய ரேகையில் வைத்தார், கம்பி நிலையாகத் தொங்க அந்த இடம் வேண்டும். மற்றபடி தீவைப் பெரும்பாலும் அப்படியே விட்டார். ஒரு பொய்யை நம்பிய வாசகரிடம் சம்பந்தமில்லாத இரண்டாவதைக் கேட்டால் முதலாவதும் போய்விடும்.

அளவைச் சொல்கிறேன். பிரதி சுமார் 60,000 சொல். முதல் பயணம் 24,000இல் வருகிறது, ரொம்பப் பிந்தி. 12,000க்குக் கொண்டு வா. 30,000இல், அம்மாயியை யாரும் அனுப்பவில்லை, பிள்ளைக்காக இந்தியா போக அவளே பெயர் கொடுத்தாள் என்பது தெரியட்டும். அதற்குப் பிறகு மல்லிகாவின் கேள்வியே மாறிவிடும். காட்சிகளுக்கு நடுவே பென்சிலால் ஒரு சொல் எழுதிப் பார்: "அதனால்" அல்லது "ஆனால்" வந்தால் கதை நகர்கிறது. "அப்புறம்" என்றுதான் எழுத முடிகிறதென்றால் ஒரு காட்சி அதிகம். ஆறு முதல் பத்து வரை எல்லாம் "அப்புறம்".

ஒப்பந்தம் பற்றி மாமா இரண்டு பக்கம் பேசுகிறாரே, கேட்பவருக்கும் அது தெரிந்ததுதான். 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இங்கே என்ற கணக்கைத் தோட்டத்து லயத்து வாசலில் சண்டையாக்கு, விண்ணப்பப் படிவம் ஒருவர் கையில் இருக்கட்டும்.

வரலாற்றின் முடிவு எல்லாருக்கும் தெரியுமே என்று கவலைப்பட்டிருந்தாய். நம் மலையகத்துக் காமன் கூத்தில் மதன் எரியப்போவது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இருந்தும் ரதி அவனைத் தடுக்கும்போது சனம் அசையாமல் நிற்கிறது. ஒப்பந்தம் நிற்குமா என்பதில் பதற்றத்தைத் தேடாதே. மல்லிகா என்ன சொல்லி அம்மாயியை மறிப்பாள், அவள் என்ன பதில் சொல்வாள், அங்கே தேடு.

ஒரு கொப்பியில் இரண்டு நிரல் போடு: ஒன்றில் காலண்டர் திகதி, மற்றதில் மல்லிகா உடம்புக்குக் கழிந்த நாள். 14ஆம் அத்தியாயத்தில் பதினொரு நாள் கழித்துத் திரும்புகிறாள், கைக் காயம் இன்னும் பச்சையாக இருக்கிறது.

மூன்றாம் பயணத்தை மட்டும் முதலில் திருத்தி அனுப்பு. அதில் எந்த ஞாபகத்தைக் கொடுக்கிறாள் என்று முடிவானால், முன்னுக்குள்ள இரண்டையும் அதற்கேற்பப் பொறுக்கலாம்.

அன்புடன்,
உன் நண்பன்